மலைக்கு இப்புறமும் அப்புறமும்

போடிநாயக்கனூரை அடுத்த மீனாட்சிபுரத்தில் 1942ஆம் ஆண்டு பிறந்தவர் கவிஞர் நா. காமராசன். நான் பாடம் நடத்தும் வகுப்பில் போடிப் பக்கத்து மாணவர்கள் எப்போதும் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு கணம் திகைப்புத்தான். 'பல்லாண்டு வாழ்க' படத்தில் பாட்டு எழுதியவர் என்றால், "எங்க தாத்தா பாடுவாரு சார்" என்று யாராவது ஒருவன் சொல்வான். தமிழ்ப் புதுக்கவிதை வரலாற்றில் 1971இல் வந்த 'கறுப்பு மலர்கள்' தொகுப்புக்கு என்ன இடம், திருநங்கையரைப் பற்றி எழுதத் துணிந்த முதல் தமிழ்க் கவிஞர்களுள் அவரும் ஒருவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அவருடைய நூல்களில் ஒன்றின் பெயர் 'சுதந்திர தினத்தில் ஒரு கைதியின் டைரி'. இந்தத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதியதும் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "இவரு ஜெயிலுக்குப் போயிருக்காரா சார்?"

போயிருக்கிறார். ஏன் என்று சொல்லப் புகுந்தால் அந்த ஒரு மணிநேரம் போதுவதில்லை. வகுப்பில் சொல்லி முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இந்திய அரசியலமைப்பின் பதினேழாம் பகுதி, 343 முதல் 351 வரையிலான பிரிவுகளைக் கொண்டது. இந்தி ஆட்சிமொழி, ஆனால் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் நீடிக்கும் என்பது அதன் சாரம். அந்தப் பதினைந்து ஆண்டு 1965 ஜனவரி 26 அன்று முடிந்தது. அதற்கு முன்பே 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் ஒன்று வந்தது. அந்தச் சட்டத்தின் ஒரு சொல்லில்தான் அத்தனை பேரின் அச்சமும் தங்கியிருந்தது. ஆங்கிலம் 'தொடரலாம்' என்றது சட்டம். 'தொடரும்' என்று எழுதுங்கள் என்று மாநிலங்களவையில் அண்ணா கேட்டார். 'லாம்' என்றாலும் 'உம்' என்றாலும் பொருள் ஒன்றுதான் என்று பிரதமர் நேரு பதில் சொன்னார். இலக்கணம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒன்றல்ல. 'நாளை வரலாம்' என்று சொன்னவனுக்காக யாரும் உலையில் அரிசி போட்டுவைப்பதில்லை. தொடரலாம் என்பதற்குள் தொடராமலும் இருக்கலாம் என்பது ஒளிந்திருக்கிறது. ஒரு வினைமுற்றின் விகுதிக்காக ஒரு தலைமுறை தெருவுக்கு வந்தது என்றால் மொழி மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பதினேழாம் பகுதியைக் கொளுத்துவது புதிதாகத் தோன்றிய எண்ணமன்று. 1957 நவம்பர் 26 அன்று, சாதியைக் காக்கிறது என்று சொல்லி, பெரியாரின் தொண்டர்கள் அரசியலமைப்பின் பக்கங்களைக் கொளுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். அதைத் தண்டிப்பதற்கென்றே சென்னை மாகாணச் சட்டமன்றம் அவசரமாகத் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. 1963 நவம்பரில் பதினேழாம் பகுதியைக் கொளுத்தப் புறப்பட்டதற்காக அண்ணாவுக்கு ஆறு மாதச் சிறை. ஆகவே 1965 ஜனவரியில் மதுரையில் அதே பகுதிக்குத் தீவைத்த இரண்டு கல்லூரி மாணவர்களுக்கு, அதற்கு என்ன கிடைக்கும் என்பது நன்றாகத் தெரிந்தே இருந்திருக்கும். ஒருவர் நா. காமராசன், இன்னொருவர் கா. காளிமுத்து. இருவருக்கும் வயது இருபத்திரண்டு. இருவரும் மதுரை தியாகராசர் கல்லூரியில் தமிழ் படித்தவர்கள்.

அந்தக் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் சி. இலக்குவனாரையும் இங்கே நினைக்க வேண்டும். தொல்காப்பியம் முழுவதையும் ஆங்கிலத்தில் தந்தவர். அவரும் 1965இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதானார், வேலையையும் இழந்தார். எழுபத்தைந்தில் வந்த நெருக்கடிநிலையை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சீனப் போரை முன்னிட்டு 1962 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலை போர் முடிந்த பின்னும் விலக்கப்படாமல் 1968 ஜனவரிவரை நீடித்தது. எல்லையில் நுழைந்த அந்நியப் படைக்காக வந்த சட்டம், மதுரையிலே தொல்காப்பியம் நடத்திக்கொண்டிருந்தவர் மேல் பாய்ந்தது. அவசரச் சட்டங்களின் இயல்பே அதுதான் போலும். எவருக்காகக் கொண்டுவரப்பட்டனவோ அவர் போன பிறகும் இருக்கும். இருப்பதால் எவர் மேலாவது பயன்படும்.

அந்த ஐம்பது நாள் கிளர்ச்சியின் கதையை முழுதும் சொல்ல இது இடமில்லை. ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கிளர்ச்சி அடங்குவதற்குள், அரசின் கணக்குப்படியே, எழுபது பேர் அளவில் உயிரிழந்தனர். பிப்ரவரி 11 அன்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி தந்தார். 1967 தேர்தலில் ஆட்சி மாறியது. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் காமராசரையே தோற்கடித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. விகுதி மாறியது.

பிறகு நடந்தவற்றில்தான் எனக்குச் சுவை அதிகம். காளிமுத்து எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் அமைச்சரானார். 2001 முதல் 2006 வரை தமிழ்நாடு சட்டப்பேரவைத் தலைவராக வீற்றிருந்தார். இருபத்திரண்டு வயதில் எதன் பக்கங்களுக்குத் தீ வைத்தாரோ அதன்மீது உறுதிமொழி எடுத்துக்கொண்டவர்களின் அவைக்கு அவர் தலைவர். இடையில் 1986 நவம்பரில் இந்தியை எதிர்த்துத் தி.மு.க.வினர் மீண்டும் பதினேழாம் பகுதியைக் கொளுத்தினார்கள். க. அன்பழகன் உள்ளிட்ட பத்து சட்டமன்ற உறுப்பினர்கள், எடுத்த உறுதிமொழியை மீறினார்கள் என்று பதவி இழந்தார்கள். இது நடந்தது காளிமுத்துவின் கட்சி ஆண்ட காலத்தில்! காமராசன் அதே கட்சிக்காரராகத் திரைப்பாடல்கள் எழுதினார், கட்சிமேடைகளில் பேசினார், 2017 மே மாதம் மறைந்தார்.

இதை எள்ளலுக்காகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். வகுப்பில் இவ்விடத்தில் மாணவர்கள் சிரித்துவிடுகிறார்கள், நான் சிரிப்பதில்லை. சிறைக்குப் போன மாணவன் முப்பத்தைந்து வயதில் அமைச்சராக முடிகிற நாடு, ஏதோ ஒரு நல்லது இருக்கிற நாடு. அப்படி ஆவதற்குப் பல காரியங்கள் கூடிவர வேண்டும். முதலில் கைதானவன் சிறையிலிருந்து உயிரோடு வெளியே வரவேண்டும். வழக்கு ஒருநாள் முடியவேண்டும். தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும், அதில் ஆள்வோர் தோற்கவும் வேண்டும். இந்த நாலும் கூடிவந்ததால் 1965இன் சிறை பலருக்குச் சட்டமன்றத்துக்குப் போகும் தாழ்வாரமாக அமைந்தது. கூடிவராத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறி, மலைக்கு அந்தப்புறம் இறங்கினால் போதும்.

எங்கள் பள்ளத்தாக்கில் பொழுது விடியுமுன் ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம், தேவாரம், கோம்பை என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும். என் மாணவர்களில் பாதிப் பேரின் தாய்மார் அந்த ஜீப்புகளில் போகிறவர்கள். கேரளம் எங்களுக்கு அயலிடமில்லை. கூலி கிடைக்கிற இடம், அணையைப் பற்றிச் சண்டை போடுகிற இடம், சபரிமலைக் காலத்தில் வாசல் வழியே போகிற இடம். இருந்தும் பி. ராஜன் என்ற பெயரை நான் வகுப்பில் சொன்னபோது ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

ராஜன் கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர், நன்றாகப் பாடுவார். 1976 பிப்ரவரி 28 அன்று காயண்ணா காவல் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கினார்கள். மார்ச் 1 விடியற்காலை, கலைவிழாவுக்குப் போய்விட்டு விடுதிக்குத் திரும்பிய ராஜனைக் காவலர்கள் பிடித்துப்போனார்கள். கக்கயத்தில் அதற்கென அமைத்த முகாமில் 'உருட்டல்' என்ற ஒரு முறை இருந்தது. ஆளைப் பலகையில் படுக்கவைத்துத் தொடைகளின்மேல் மர உருளையை அழுத்தி உருட்டுவது. ராஜன் அதற்குப் பின் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவருடைய தந்தை டி.வி. ஈச்சரவாரியர் அரசுக் கல்லூரியில் இந்தி கற்பித்தவர். மலைக்கு இப்புறம் இந்தியை எதிர்த்துப் பிள்ளைகள் சிறைக்குப் போன பதினோராவது ஆண்டில், அப்புறம் ஓர் இந்திப் பேராசிரியர் மகனைத் தேடி அலைந்தார். உள்துறை அமைச்சர் கே. கருணாகரனைப் பார்த்தார், முதலமைச்சர் அச்சுத மேனனைப் பார்த்தார். குடியரசுத் தலைவர் தொடங்கி எல்லோருக்கும் மனு எழுதினார். நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், நெருக்கடிநிலையின்போது ஆட்கொணர்வு மனுப் போட யாருக்கும் உரிமையில்லை என்று தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகத் தள்ளிவைத்தது 2017இல். நாற்பத்தொரு ஆண்டுகள்!

1977 மார்ச் 21 அன்று நெருக்கடிநிலை விலக்கப்பட்டது. நாலாம் நாள், மார்ச் 25 அன்று, ஈச்சரவாரியர் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்தார். ராஜன் என்ற பெயருடைய எவரையும் கைதுசெய்யவே இல்லை என்றது அரசுத் தரப்பு. ஏப்ரல் 13 அன்று நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலித்தும், ராஜன் காவல்துறையின் பிடியில் இருந்தது உண்மை, அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்துக என்று ஆணையிட்டார்கள். நிறுத்த ஆள் இல்லை. அப்போது முதலமைச்சராகியிருந்த கருணாகரன் பதவியேற்று ஒரு மாதத்தில், ஏப்ரல் 25 அன்று, விலகினார்.

இந்த வழக்கில் பலரும் கவனிக்காத ஒருவர் என் மனத்தில் நிற்கிறார். கல்லூரி முதல்வர் பகாவுத்தீன். மகன் கைதான செய்தியைத் தந்தைக்குப் பதிவுத் தபாலில் எழுதித் தெரிவித்தவர் அவர். நெருக்கடிநிலையின் நடுவில், ஓர் அரசுக் கல்லூரியின் முதல்வர், இன்ன நாள் இன்ன மாணவனைக் காவலர்கள் கொண்டுபோனார்கள் என்று தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அஞ்சலகத்தில் ரசீதும் பெற்றிருக்கிறார். பின்னர் நீதிமன்றத்திலும் அவர் சொன்னார். விடுதியில் கண்ணால் கண்டவர்களும் சொன்னார்கள். 'கைதுசெய்யவே இல்லை' என்ற அரசின் வாக்கு அந்தச் சாட்சியங்களின் முன்தான் உடைந்தது. பெரிய வீரச்செயல் என்று எவரும் சொல்லமாட்டார்கள். நானும் கல்லூரியில் வேலை பார்க்கிறவன், அந்தத் தபாலின் எடை எனக்குத் தெரியும். சுற்றறிக்கைக்கு மறுமொழி எழுதவே மூன்று மேலாளரின் சுருக்கொப்பம் தேடுகிற இடம் கல்லூரி.

ஈச்சரவாரியர் பின்னாளில் மலையாளத்தில் எழுதிய நினைவுக் குறிப்பு நூல் மெலிந்தது. ஒரே இருப்பில் படித்துவிடலாம். ஆனால் ஒரே இருப்பில் படித்தவர் எவரையும் எனக்குத் தெரியாது. மனைவியிடம் மகன் இறந்ததை அவர் கடைசிவரை சொல்லவில்லை. அந்த அம்மையார் 2000ஆம் ஆண்டு மறையும்வரை மகனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஷாஜி என். கருண் இயக்கிய 'பிறவி' (1988) இந்தத் துயரத்திலிருந்து பிறந்த படம் என்பார்கள். படத்தில் தந்தையாக நடித்த பிரேம்ஜி பெரும்பாலும் செய்வது மகன் வருவான் என்று காத்திருப்பது மட்டும்தான். காணாமற்போனவனின் வீட்டில் அதைவிட வேறு வேலை இல்லை.

சிறைக்குப் போகிறவர்களைப் பற்றி நிறைய எழுதுகிறோம். வெளியே நிற்கிறவர்களின் பக்கம் நம் இலக்கியம் அதிகம் போகவில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. 2020 மே மாதம் டெல்லியில் கைதான ஆய்வு மாணவி நதாஷா நர்வாலின் தந்தை மகாவீர் நர்வால் ஒரு வேளாண் அறிவியலாளர். இளைஞராக நெருக்கடிநிலையில் சிறையிருந்தவர். மகள் உபா சட்டத்தின்கீழ்ச் சிறையிலிருந்தபோது, 2021 மே 9 அன்று கொரோனாவில் இறந்தார். மறுநாள் நீதிமன்றம் மகளுக்கு இடைக்காலப் பிணை தந்தது, இறுதிச் சடங்குக்காக. வழக்கில் பிணை கிடைத்தது ஜூன் 15 அன்று. ஐந்து வாரம் முன்னால் வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதே சதிவழக்கில் 2020 செப்டம்பரில் கைதான உமர் காலிதுக்கு டெல்லி உயர்நீதிமன்றம் 2025 செப்டம்பரில் பிணை மறுத்தபோது ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சாட்சி விசாரணை அப்போதும் தொடங்கியிருக்கவில்லை. குற்றம் செய்தாரா இல்லையா என்பதை நானோ நீங்களோ தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்க வேண்டியவர்களும் தீர்மானிக்கவில்லை என்பதே செய்தி. அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோலத் தோன்றினாலே பிணை மறுக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் 2008இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். காளிமுத்துவும் காமராசனும் இன்று இருபத்திரண்டு வயதில் இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறேன். பேரவைத் தலைவர் நாற்காலி ரொம்பத் தூரம்.

சிறை ஒரு வழி என்றால், தப்பிப் போவது இன்னொரு வழி. இதற்குத் தமிழில் சரியான சொல் இல்லை. 'நாடுகடத்தல்' என்பது பிறர் செய்வது. தானே போகிறவனுக்கு, போனபின் திரும்ப முடியாதவனுக்கு, என்ன சொல்வது? சொல் இல்லாவிட்டாலும் ஆள் இருக்கிறார். 1908இல் பாரதி சென்னையிலிருந்து பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போனபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அதே ஆண்டு வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும், இருபத்துமூன்று வயது சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் வந்தன. பாரதி பத்தாண்டுகள் அங்கே இருந்தார். அவரது பெரும்படைப்புகள் பல அங்கே பிறந்தன என்பதைப் பாடப்புத்தகம் சொல்லும். 'இந்தியா' பத்திரிகையில் ஆசிரியராகப் பெயர் பதிந்திருந்த எம். சீனிவாசன் சென்னையிலேயே பிடிபட்டு ஐந்தாண்டுச் சிறை பெற்றார் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது. எழுதியவர் ஒருவர், பெயர் கொடுத்தவர் ஒருவர். போனவனுக்கு ஒரு வழக்கு, இருந்தவனுக்கு ஒரு தண்டனை என்பது அன்றைக்கே எழுதிவைத்த கணக்கு. புதுச்சேரிக்காரர் பத்தாண்டுகள் கழித்து 1918 நவம்பர் 20 அன்று எல்லையைத் தாண்டியதும் கைதானார். கடலூர்ச் சிறையிலிருந்து டிசம்பர் 14 அன்று நிபந்தனைகளோடு வெளியே வந்தார். அடுத்த மூன்றாண்டுக்குள் மறைந்தார்.

ஹாங்காங்கின் நேதன் லா 2016இல் இருபத்துமூன்று வயதில் அங்குள்ள சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உறுதிமொழியை உரிய முறையில் எடுக்கவில்லை என்று 2017இல் பதவி பறிக்கப்பட்டது. (1986இல் நம் சட்டமன்றம் நினைவுக்கு வருகிறதா?) 2020 ஜூனில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்த வேளையில் நாட்டை விட்டுப் போனார், மறு ஆண்டு பிரிட்டன் புகலிடம் தந்தது. 2023 ஜூலையில் அவரோடு சேர்த்து எட்டுப் பேரின் தலைக்குத் தலா பத்து லட்சம் ஹாங்காங் டாலர் என்று அரசு பரிசு அறிவித்தது. அவரோடு ஒரே இயக்கத்தில் நின்ற ஜோஷுவா வோங் போகாமல் இருந்தார். முன்தேர்வு ஒன்று நடத்தினார்கள் என்ற வழக்கில் 2024 நவம்பரில் அவருக்கு நாலு ஆண்டு எட்டு மாதம். அதே வழக்கில் சட்டப் பேராசிரியர் பென்னி டாய்க்குப் பத்து ஆண்டு. போனவர்களுள் ஒருவரான அன்னா குவோக்கின் தந்தையை 2025 ஏப்ரலில் ஹாங்காங்கில் கைதுசெய்தார்கள். மகள் பெயரிலிருந்த காப்பீட்டுப் பாலிசியின் பணத்தை எடுக்க முயன்றார் என்பது குற்றச்சாட்டு. இதைப் படித்தபோது எனக்கு ஹாங்காங் நினைவுக்கு வரவில்லை. எல்.ஐ.சி. முகவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெண்பிள்ளையின் பெயரில் பாலிசி எழுதுகிற நம்மூர்க் காட்சிதான் வந்தது.

இவ்வளவு பெரிய பெயர்களுக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வர ஒரு தயக்கம் உண்டு. ஆயினும் நான் நேரில் அறிந்தது இதுதான்.

தேவாரம் அருகே பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இயற்பியல் படித்த நண்பர்கள் அதில் அஞ்ச ஒன்றுமில்லை என்பார்கள். மலையடியில் நிலம் வைத்திருக்கிறவர்கள் கேட்கமாட்டார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. 2018இல் இதற்கெதிராகத் துண்டறிக்கை கொடுத்தவர்களில் எங்கள் துறை மாணவன் ஒருவன் இருந்தான். சட்டவிரோதமாகக் கூடியதாக 143, அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாக 188 என்று இரண்டு பிரிவுகளில் வழக்கு. சிறைக்கெல்லாம் போகவில்லை, ஒரு மாலை முழுதும் திருமண மண்டபத்தில் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். 188ஆம் பிரிவில் காவல்துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது என்று அந்த ஆண்டு செப்டம்பரிலேயே சென்னை உயர்நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆனால் தீர்ப்பு தானாக நடந்து ஊர்க் காவல் நிலையத்துக்கு வருவதில்லை. அதை எடுத்துப்போய் வழக்கை உடைக்க ஒரு வழக்கறிஞர் வேண்டும், மதுரைக் கிளைக்குப் போய்வர பஸ் காசு வேண்டும்.

அவன் காவலர் தேர்வு எழுதினான். (சிரிக்காதீர்கள், எங்கள் பக்கத்தில் ஓடத் தெரிந்த எல்லாப் பையன்களும் எழுதுவார்கள்.) எழுத்துத் தேர்விலும் உடற்தகுதியிலும் தேறினான். சரிபார்ப்பில் வழக்கு வந்து நின்றது. மறைக்காமல் தானே எழுதிக்கொடுத்திருந்தான். பட்டம் முடித்துப் போகும்போது நாங்கள் தரும் மாற்றுச் சான்றிதழில் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று ஒரு வரி இருக்கும். எல்லோருக்கும் 'நன்று' என்றே எழுதுவது மரபு. வேறு சொல் எழுதி நான் பார்த்ததில்லை. அவனுக்கும் 'நன்று' என்றே இருந்தது. தனியாக ஒரு நன்னடத்தைச் சான்று வேண்டும் என்று கேட்டு வந்தபோது, வழக்கு இருக்கும்போது எப்படித் தருவது என்று மூத்தவர்கள் சிலர் தயங்கினார்கள். நான் துறைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். மூன்றாண்டு என்னிடம் படித்தான், வருகைப் பதிவு இவ்வளவு, ஒழுக்கம் நன்று. அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது எதுவுமில்லை, அதனால் அதற்கு மேல் எழுதவுமில்லை. அந்தத் தாளால் பயன் விளையவில்லை.

2021 செப்டம்பரில், நியூட்ரினோ, கூடங்குளம், எட்டுவழிச் சாலை, குடியுரிமைத் திருத்தச் சட்டம் முதலியவற்றை எதிர்த்துப் போராடியவர்கள் மீதான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இந்தத் திட்டத்தையே அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்திலும் சொன்னது. வழக்கு முடிந்துவிட்டது என்று அவன் தொலைபேசியில் சொன்னான். அதற்குள் அந்தத் தேர்வுப் பட்டியல் மூடப்பட்டிருந்தது. அடுத்த முறை எழுதியபோது ஓட்டத்தில் சில நொடிகளில் தோற்றான். இப்போது சின்னமனூரில் ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்கெழுதுகிறான். பார்க்கும்போதெல்லாம் புதிதாக என்ன படிக்கலாம் என்று கேட்பான். கறுப்பு மலர்களை அவனுக்கு நான்தான் கொடுத்தேன், இன்னும் திருப்பித் தரவில்லை.

சென்ற ஆண்டுச் சேர்க்கையின்போது அவனுடைய தம்பியை அழைத்துக்கொண்டு அவர்கள் தாய் வந்திருந்தார். அன்றைக்குத் தோட்டத்துக்குப் போகவில்லை, ஒருநாள் கூலி போயிற்று என்றார். விண்ணப்பத்தை நிரப்பி முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, பையன் நகல் எடுக்க வெளியே போனதும் மேசைக்குப் பக்கத்தில் வந்தார். "இவனயாச்சும் கூட்டம் கீட்டம்னு எங்கயும் போகாமப் பாத்துக்கங்க சார்" என்றார்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெற்றோர் கையொப்பம் எந்த இடத்தில் என்று காட்டினேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும்வரை தாளை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.